நான்கு மூலை மஞ்சள்

சுதந்திரம் வந்த புதிது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்ப, மலாக்காவின் அரசாங்க அலுவலகங்களில் நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தனக்குக் கிடைக்கும் என்று அதே ஊரின் காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் அக்கா நம்பினாள். டைப்பிஸ்ட் வேலை. அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

“ஒரு தடவ எழுதிப் பாரு. கெடைக்கலன்னா செமாபோக் ஊரு மாப்பிள்ள வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்.”

அக்கா மனுவை ஐந்து முறை எழுதிக் கிழித்தாள். ஆறாவதன் கிட்டவே என்னை விடவில்லை. “நூறு பேரு போடுவாங்க. நம்மளோடது தனியா தெரியணும் லா,” என்றாள். பள்ளிச் சான்றிதழையும் உள்ளே வைத்து, உறையை ஒட்டாமல் மேசைமேல் விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஒட்டித் தபாலில் போடுவது என் பொறுப்பு. எனக்கு எட்டு வயது. மூளை அபாரமாக வேலை செய்த காலம்.

நல்ல காரியத்துக்கு அனுப்பும் தாளில் அம்மா நான்கு மூலையிலும் மஞ்சள் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். அக்கா இதை மறந்துவிட்டாளே என்று பரிதாபமாக இருந்தது. சாமி மாடத்து மஞ்சளை எடுத்துத் தாராளமாகக் குழைத்தேன். மனுவுக்கு நான்கு மூலை, சான்றிதழுக்கு நான்கு மூலை. தண்ணீர் கொஞ்சம் அதிகம். மஞ்சள் ஓடித் தலைமையாசிரியையின் கையெழுத்தின்மேல் ஏறியது. அழகாகத்தான் இருந்தது. ஒட்டி, ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தேன். வேலை கிடைத்த பிறகு சொல்லிப் பெயர் வாங்கலாம் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மூன்று வாரத்தில் எல்லாம் திரும்பி வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒற்றை வரி: கறைபட்ட சான்றிதழை ஏற்பதற்கில்லை. அதை நான் படித்துப் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆனது. அக்கா கடிதத்தைப் படித்தாள், மஞ்சளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“தனியா தெரிஞ்சுச்சாக்கா?”

“தெரிஞ்சுச்சு,” என்றாள்.

அப்பாவிடம் “கெடைக்கலப்பா” என்பதோடு சரி. என் பெயரை எடுக்கவே இல்லை. அன்றைக்கு ஓர் அறை விட்டிருக்கலாம். இன்று எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மாதத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. மஞ்சள் தொடும் வேலையை அம்மா எனக்கே கொடுத்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து குழைத்துத் தந்தாள். “தண்ணி கம்மியா இருக்கணும்,” என்று மட்டும் சொன்னாள். அவள் பெயர்மேல் ஒரு சொட்டுக்கூடப் படாமல் எல்லா மூலைக்கும் தொட்டு வைத்தேன். வீடே மெச்சியது. அக்காவும் சிரித்தாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.