அகாடமிக்கு ஆள் விசாரித்த கதை

1. முதல் நாள்

பண்டாரவளையில் சாமுவேல் சேரிடம் சாரதியாகச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"செல்வம், இங்கிலீஷ் வாசிப்பியா?"

"எழுத்துக்கூட்டி வாசிப்பேன் சேர்."

"வாசிச்சதை வெளிய சொல்லாம இருப்பியா?"

"இருப்பேன் சேர்."

முதல் பதில் பாதிப் பொய். இரண்டாவது முழுப் பொய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேலை வேண்டியிருந்தது. அதற்கு முன் வெலிமடையில் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றினேன், கொழும்பில் ஹோட்டலுக்கு மாவு பிசைந்தேன், கட்டாரில் கல் சுமந்தேன். முதுகு போனதும் திரும்பி வந்து வான் ஓட்டப் பழகினேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் தங்கியதில்லை.

சேர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். மனைவி இறந்து பல வருடங்கள். நாட்டின் பெரிய எஞ்சினியர்கள் சேர்ந்த அகாடமி ஒன்றில் உறுப்பினர். கண்ணில் புரை விழுந்திருந்ததால், வான் ஓட்டுவதோடு அங்கிருந்து வரும் காகிதங்களை வாசித்துக் காட்டுவதும் என் வேலையாயிற்று.

2. கேட்காமல் கிடைக்க வேண்டிய இடம்

தேர்தல் என்றால் கும்பிட்டு வாக்குக் கேட்பது என்றுதான் நினைத்திருந்தேன். அகாடமியில் அது கிடையாது. விண்ணப்பமும் கிடையாது. உறுப்பினர் ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னும் இருவர் வழிமொழிய வேண்டும். பாலம், மண், கட்டடத்துக்கு ஒரு குழு, மின்சாரத்துக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று உண்டு. குழு வடிகட்டிய பெயர்கள் மட்டும் வாக்குச்சீட்டில் அச்சாகி எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். இவ்வளவும் முடியும்வரை சம்பந்தப்பட்ட ஆளுக்கு எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"அது ஏன் சேர்?"

"தெரிஞ்சா அந்தாளு வீடு வீடாப் போய்ச் சிரிக்க ஆரம்பிச்சிடுவான். எங்களால தாங்க முடியாது."

அந்த வருடம் சேர் முன்மொழிந்தது ஸ்டெல்லா மிஸ்ஸை. பதுளையில் மண்சரிவு வேலை பார்க்கும் எஞ்சினியர். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவர். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் வெடித்திருந்த மலையை இறங்கவிடாமல் நிறுத்தியவர். அதே மழையில் பக்கத்து மலை இறங்கிவிட்டது.

குழுவிடமிருந்து கடிதம் வந்தது. நான் எழுத்துக்கூட்ட, சேர் அர்த்தம் சொன்னார். இது அலுவலகம் செய்த வேலையா, இந்த அம்மா செய்த வேலையா? அவர் தன் மூளையாலும் கையாலும் செய்தது என்ன? ஒரு மாதத்துக்குள் விபரம் வேண்டும்.

"பாலம் கட்டினவன் பாலத்தைக் காட்டுவான்," என்றார் சேர். "இவ என்னத்தைக் காட்டுறது? ஒண்ணும் நடக்கலைங்கிறதுதான் இவ செஞ்ச வேலை."

இந்த முறை தள்ளுபடியானால் சில வருடங்களுக்கு அந்தப் பெயரை மறுபடி கொடுக்க முடியாது. சேருக்கு எழுபத்தொன்பது வயது.

"இன்னும் நாலு மலையில ஆளுகளை எழுப்பி வேற எடத்துல குடிவைக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கா. ஒருத்தனும் கேக்கல. அகாடமி உறுப்பினர்னு பேருக்குப் பின்னால வந்தா, தூக்கி மூலையில போட யோசிப்பானுங்க. அதுக்குத்தான்டா."

3. தங்கமான பொண்ணு

மறுநாளே தோட்டத்துக்குப் போனோம். சேர் கோட்டும் டையும் போட்டிருந்தார். நான் வானைக் கழுவியிருந்தேன். இரண்டுமே பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

லயத்து வாசலில் தெய்வானை அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தார். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். சேர் தொப்பியைக் கழற்றினார்.

"ஸ்டெல்லா மிஸ்ஸைப் பத்தி விசாரிக்க வந்தோம்மா. அவங்களுக்கு விஷயம் தெரியவேணாம்."

அக்கா கோடரியைக் கீழே வைத்தார். சேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார். உள்ளே ஓடிப் பாய் கொண்டுவந்து விரித்தார். பக்கத்துக் காம்பராவிலிருந்து பிஸ்கட் வந்தது, தேத்தண்ணி வந்தது, தோட்டத்துத் தலைவர் முனியாண்டி அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"தங்கமான பொண்ணுங்க," என்றார் அக்கா.

"வேலை எப்படி?"

"இங்க தங்கி மீன் ஆணம் வச்சாங்கன்னா லயமே மணக்குங்க."

"கோவம் வருமா?"

"அந்தப் பேச்சே இல்லீங்க. குனிஞ்ச தலை நிமிராது."

சேர் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். குனிஞ்ச தலை என்று எழுதினேன்.

முனியாண்டி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணு முன்னாடியே சொல்லிடணும். அவங்க வேதக்காரங்க."

"நானும் வேதக்காரன்தான். சாமுவேல்."

"அப்பப் பொருத்தந்தான்," என்று அக்காவைப் பார்த்தார்.

எனக்கு விஷயம் பிடிபட்டது. சேர் மட்டும் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார். பசறைக்கு இறங்கும் வளைவில் வானை நிறுத்தி அவருக்கு விளக்கினேன்.

"பொண்ணு பாக்கவா? எனக்கா?"

"ஒங்களுக்கா, ஒங்க மகனுக்கான்னு கேட்டாங்க. பேசி முடிவாகலன்னு சொல்லிட்டேன்."

"திருப்பு வண்டியை. இல்லன்னு சொல்லிட்டு வருவோம்."

"அப்ப வேற எதுக்கு விசாரிச்சீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க சேர்?"

அவர் நேரே ஓட்டு என்று கை காட்டினார். பதுளை வந்தபோது, "மீன் ஆணத்தை எந்தக் குழுவுக்குடா அனுப்புறது?" என்றார்.

4. மோசமான மாமியார்

கல்யாணத்துக்கு விசாரித்தால் சனங்கள் நல்லதைச் சொல்வார்கள், கெட்டதை மறைப்பார்கள். மறைத்த இடத்தில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது. அடுத்த கிழமை சேரிடம் சொல்லாமல் தனியாகப் போனேன்.

"என்னங்க தம்பி, புடிச்சிருக்காமா?" என்றார் தெய்வானை அக்கா.

முகத்தைத் தொங்கப்போட்டேன். "சரிவராது போலக்கா. மாப்பிள்ளையோட அம்மா ரொம்ப மோசம். இதுவரைக்கும் மூணு வேலைக்காரியைத் தொரத்திடுச்சு. எதுத்து நிக்கிற பொண்ணாப் பாக்குறாங்க. குனிஞ்ச தலைன்னதும் வேணாம்னுட்டாங்க."

அக்கா எழுந்து நின்று அடுத்த காம்பராவைப் பார்த்துக் கத்தினார். "முனியாண்டி, இங்க வாய்யா. ஒன் குசினியை இடிச்சதைச் சொல்லு."

அன்றைக்கு என் கை வலிக்கும்வரை எழுதினேன். லயத்திலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய சமையல் குசினி, மலையிலிருந்து தண்ணீர் வடியும் கானை மறித்திருக்கிறது. இடிக்கச் சொன்னார் மிஸ். தலைவர் முடியாது என்றிருக்கிறார். "அலவாங்குக் கம்பியை எடுத்து அந்தம்மாவே முதல் அடி போட்டுச்சு. எம் பொண்டாட்டி சோத்துப் பானையைத் தூக்கிக்கிட்டு ஓடினா." சொல்லும்போது முனியாண்டி அண்ணனின் குரலில் பெருமை இருந்தது.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், அத்தனை ஆட்களுக்கும் முன்னால், தோட்டத்தை நடத்தும் தொரையிடம் சண்டை போட்டிருக்கிறார். மேலே வெட்டிய ரோட்டுத் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குகிறது, ரோட்டை மூடு என்றிருக்கிறார். அலுவலகத்திலிருந்து அனுமதி வரவில்லை என்றபோது, என் பெயரை எழுதிக்கொள் என்று அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து, கயிறு கட்டி, மூன்று நாள் மழையில் அவரே அளந்திருக்கிறார். வெடிப்பு விரிந்து கயிறு இறுகியதும் வாயில் வந்தபடி திட்டி எல்லாரையும் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு விரட்டியிருக்கிறார்.

"என்னன்னு திட்டினாங்க?"

"அதை எழுதாதீங்க தம்பி. மாமியாருக்கே தாங்காது."

பிறகு உள்ளே தேங்கிய தண்ணீரை வடிக்க மலைக்குள் துளை போட்டுக் குழாய் செருகியிருக்கிறார். எத்தனை குழாய், எந்த இடம், எந்தக் குழாயில் முதலில் தண்ணீர் வந்தது என்று அண்ணன் கூட்டிப் போய்க் காட்டினார். மழைவிட்டு நான்கு நாளாகியும் மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சேர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. "முளை அடிச்ச இடத்தை மறுபடி சொல்லு," என்றார். தட்டெழுத்தில் நான்கு பக்கம் கொழும்புக்குப் போனது.

5. மிஸ் வந்தார்

வாக்குச்சீட்டு அச்சாகும் கட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த கையோடு ஸ்டெல்லா மிஸ் பண்டாரவளைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சேர், தோட்டத்துல என்னைப் பத்தி யாருக்குப் பொண்ணு விசாரிச்சீங்க? ஆறு மாசமா என்னைப் பாக்குற ஆளுக எல்லாம் சிரிக்கிறாங்க. மாமியாரை எப்படிச் சமாளிக்கிறதுன்னு தெய்வானை அக்கா பாடம் எடுக்குறாங்க."

சேரின் கைத்தடி தரையைத் தட்டியது. கல்யாணத்துக்கு இல்லை என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார். அதைச் சொன்னால் ஆறு மாத வேலையும் போய், பெயரும் போய்விடும். சேர் பொய் சொல்லிப் பழகாத மனிதர். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"எனக்குத்தான் மிஸ்."

அவர் மெதுவாகத் திரும்பினார்.

"ஒங்களுக்கா?"

"ஆமாங்க."

"படிப்பு?"

"எட்டு."

"இதுவரைக்கும் எத்தனை எடத்துல வேல பாத்தீங்க?"

"பதினொண்ணு. இது பன்னெண்டு."

"இங்கயாவது நிப்பீங்களா?"

"சொல்ல முடியாதுங்க."

ஸ்டெல்லா மிஸ் கைப்பையைத் தோளில் மாட்டினார். "நேரா வந்து கேட்டிருக்கலாம். அப்பவும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா மலைக்கு ஆள் அனுப்பி வேவு பாத்தது பிழை." வாசலில் நின்று, "ஒங்க அம்மாவைக் கொஞ்சம் அடக்கி வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். என் அம்மா இறந்து இருபது வருடம்.

அன்று மத்தியானம் சேர் தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

6. முடிவு

மிஸ் தெரிவானார். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டார். சேரிடம் நன்றி சொன்ன பிறகு என்னைக் கேட்டார்.

"அலவாங்கு விஷயம் கொழும்பு வரைக்கும் போயிருக்கு. நீங்கதானா?"

"ஆமாங்க மிஸ்."

"அப்ப என்னைக் கேட்டது?"

"அதுவும் அகாடமி வேலைதான் மிஸ்."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். இரண்டு மாதமாக வேண்டாம் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளையாக இருந்து பழகிவிட்டேன்.

நாலு மலைகளில் ஒன்றில் போன மாதம் ஆட்களை வேறிடத்துக்கு எழுப்பிவிட்டார்கள். மற்ற மூன்றுக்கும் மிஸ் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் வான் ஓட்டப் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவருடைய வேலை எப்படி என்று தெரிய வேண்டுமானால், அவர் நல்லவரா என்று யாரிடமும் கேட்காதே. அவரால் உனக்கு என்ன தொந்தரவு வந்தது என்று கேள். விபரம் தானாக வரும். கோட்டு, டை போட்ட ஆளை மட்டும் கூட்டிப் போகாதே.

தோட்டத்துக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மிஸ் கட்டாயப்படுத்தினார். நானே போய் முன்மொழிவு, வழிமொழிவு, குழு, வாக்குச்சீட்டு என்று எல்லாவற்றையும் விளக்கினேன். தெய்வானை அக்கா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"எல்லாஞ் சரி தம்பி," என்றார். "அந்த அகாடமியில கல்யாணம் ஆகாத ஆம்பளைங்க எத்தனை பேரு?"