நைனா பொறுக்கிய ரப்பர்

என் தாய்மாமன் செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. செத்தவரைத் திட்டாதே என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே திட்டியிருக்க வேண்டும், அந்த வயதில் எனக்கு விஷயம் புரியவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. முகத்துவாரக்குப்பத்தில் எல்லா வீட்டு ஆண்களும் கடலுக்குப் போக, என் அப்பா மட்டும் வண்டி ஓட்டினார். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். யுத்தம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்த பட்டாளத்து வண்டி அது. மணலில் புதையாமல் ஓடும் என்பதற்காக மீன் வியாபாரி ஒருவர் வாங்கியிருந்தார். கரையில் இறங்கும் மீனை ராயபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நைனாவின் வேலை. வேலை முடிந்தால் வண்டி எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நிற்கும். அந்த மிதப்பில் நான் பள்ளிக்கூடத்தில் யாரையும் மதித்ததில்லை.

வண்டியின் முன்பக்கம் அடியில் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி உண்டு. வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் அதுதான் பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பியைக் கவ்விப் பிடிப்பவை இரண்டு ரப்பர் புஷ்கள். அவை தேய்ந்து போனதும் வண்டி திருப்பத்துக்குத் திருப்பம் ஆடியது. இரண்டு தடவை மீன் கூடை ரோட்டில் கவிழ்ந்தது. முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். நீயே பார்த்து நல்ல புஷ்ஷாக வாங்கிப் போடு, இன்னொரு முறை கூடை கவிழ்ந்தால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார்.

ராயபுரத்தில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் கடைக்கு நைனா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பழைய புஷ்ஷை மடியில் முடிந்திருந்தார். கம்பியின் பருமனுக்கு வலை நூலில் முடிச்சுப் போட்டு அளவும் எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் மூன்று தினுசு காட்டினார். மெழுகுத் தாளில் சுற்றிய பட்டாளத்துச் சரக்கு பார்க்கப் புதிதாக இருந்தது, வளைத்தால் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தது. லாரி டயரில் வெட்டியது கல்லாக இருந்தது. மூன்றாவது இங்கேயே உள்ளூர்ப் பட்டறையில் வார்த்தது. நைனா ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்தினார், சிமெண்டுத் தரையில் போட்டு எகிறுகிறதா என்று பார்த்தார், நூலை ஓட்டைக்குள் விட்டு விட்டு எடுத்தார். எனக்குப் பசியில் உயிர் போனது.

“இன்னாபா, பொண்ணு பாக்க வந்துகீறியா, ரப்பர் பாக்க வந்துகீறியா?” என்றார் கடைக்காரர்.

“பொண்ணு கொஞ்சம் கோணலா இருந்தா அனுசரிச்சிக்கினு போலாம். இது கோணலா இருந்தா என் பொயப்பு கவுந்துடும்,” என்றார் நைனா.

அமுக்கினால் அமுங்கி எழுந்தது இங்கே வார்த்தது ஒன்றுதான், அதையே எடுத்தார். மாட்டியதும் வண்டி கிண்ணென்று நின்றது. இரண்டு வாரம் ஒரு மீன்கூட நழுவவில்லை. நைனா விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். மாமாவுக்குச் சொந்தப் படகு இருந்தது, உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பும் இருந்தது. எங்கள் குப்பத்தில் படகு உளுக்காமல் இருக்கச் சுறா எண்ணெய் பூசுவார்கள். மாமா வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“புது சாமான வெறுமனே வுட்டா உப்பு துன்னுடும்மே. என் படகு இத்தினி வருசமா எப்டி கீது? சுறா எண்ணெ! தெனிக்கும் அந்த ரப்பர்ல தடவு. உங்க நைனாவாண்ட சொல்லிக்கினு இருக்காத.”

ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்று இன்றைக்கு எந்தச் சைக்கிள் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். எண்ணெயில் அது ஊறி, உப்பி, கொழகொழத்துப் போகும். மாமாவுக்கு அது தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் கிடையாது. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கொட்டாங்கச்சியில் எண்ணெயும் தேங்காய் நாருமாக வண்டிக்கு அடியில் நுழைந்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. நைனாவின் வேலையை நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

எண்ணெய் தடவ ஆரம்பித்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குப்பத்திலிருந்து எண்ணூர் ரோட்டில் ஏறும் திருப்பத்தில் வண்டி ஒரேயடியாகச் சாய்ந்தது. வஞ்சிரமும் இறாலும் சாக்கடையில் போயின. ஊரே ஓடி வந்தது. முதலாளியும் வந்தார். மெக்கானிக் அடியில் படுத்து புஷ்ஷைக் கழற்றி வெளியே போட்டான். அது ஊறிய வடை மாதிரி உப்பிக் கிடந்தது.

“சாராயத்த போட்டுக்கினு போய் வாங்கினியாய்யா? கண்ணு தெரிஞ்சவன் இந்தக் கலீஜ வாங்குவானா?” என்று முதலாளி அத்தனை பேர் முன்னால் கத்தினார்.

நைனா ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். மதுவிலக்குக் காலத்தில் டிரைவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அப்புறம் எவன் வேலை கொடுப்பான்? குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தூக்கி எறிகிற மனுஷர், முதலாளியை இரண்டாகப் பிளக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து ரப்பரை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

“நான் பொறுக்குனதுதான் மொதலாளி. தப்பு என்னுது,” என்றார்.

“பொய்! நானும் கூட இருந்தேன். நைனா குடிக்கல, நல்லதாத்தான் பாத்து வாங்குச்சு!” என்று நான் அலறினேன்.

“வாய மூடு!” என்று நைனா என்மீது பாய்ந்தார். முதலாளிமீது வராத கோபம் என்மீது வந்தது.

மாமா பக்கத்திலேயே நின்றார். பிறந்ததிலிருந்து அந்த எண்ணெயில் புழங்கிய ஆள், நாலடி தூரத்தில் அந்த வாடை தெரியாமல் இருந்திருக்குமா? “மச்சானுக்கு ரப்பர் பாத்து வாங்கத் தெரியல,” என்றார், ஊருக்கெல்லாம் கேட்கும்படி. நைனா அவரை ஒரு பார்வை பார்த்தார், சாவியை முதலாளியிடம் நீட்டினார். அடுத்த வாரத்திலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். அதற்குப் பிறகு எந்த வண்டியும் அவர் கைக்கு வரவில்லை.

வண்டி சாய்ந்த அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் குடிகாரன் என்று சொன்னவனிடம் கைகட்டி நின்றாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. சோறு போட்டு வைத்திருந்த அம்மாவுக்கு எதிரிலேயே கேட்டேன்.

“நீ பயந்தாங்கொள்ளி நைனா. செய்யாத தப்ப எதுக்கு ஒத்துக்கினே?”

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து, சோப்புத் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“வாம்மே. கைய நல்லா தேச்சி கய்வு. அம்மா மோந்து பாத்தாகூட வாட தெரியக் கூடாது.”

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். பயந்தவர் கையால் தண்ணீர் வாங்க மாட்டேன் என்று சோப்பைப் பிடுங்கி மணலில் எறிந்தேன்.