துண்டு இல்லாத மாத்திரை

"உங்கப்பன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுற ஆளு. நீ குடுக்குற மாத்திரைய எவன் முழுங்குவான் புள்ள?"

மலேரியாத் தொண்டராக எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள் நுழைந்த முதல் நாள் கங்காணி இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காய்ச்சல்காரர்களின் விரலில் குத்திச் சோதனைக்கு இரத்தம் எடுக்கத் தொடங்கினேன்.

மூன்று நாள் குளோரோகுயினை எல்லாரும் முழுங்கினார்கள். காய்ச்சல் விட்டுவிடும். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கான பிரைமாகுயினைப் பதினான்கு நாள் போடச் சொன்னால்தான் தகராறு. "அது சூடு புள்ள" என்பார்கள். மிச்ச மாத்திரை அடுத்த காய்ச்சலுக்கென்று சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடும்.

பெருமாள் அண்ணன் வில்கமுவ என்ற சிங்கள ஊருக்கு வயல் அறுக்கப் போய்வருகிறவர். மூன்றாம் முறையும் காய்ச்சல் வந்து, வேலைக்கு வர முடியாதென்று சொல்ல, காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு வந்திருந்தார். அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: "மாத்திரைய எங்கண்ணே வீசுனீங்க? நீங்க என்னா சின்னப் புள்ளையா?" எல்லாரும் சிரித்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலையில் அவர் மனைவி செல்வி அக்கா குழாயடியில் என்னை மறித்தார்.

"வீசுனாருதான். ஏன்னு கேட்டியா? வில்கமுவ போற வழியில செக்பொயின்ட்ல ஆமிக்காரன் பொட்டலத்தப் பிரிச்சி இது என்னான்னான். அவன் பாஷையில காய்ச்சல் பேத்து, மருந்துன்னாரு. ஆஸ்பத்திரி எழுதிக் குடுத்த துண்டு எங்கன்னான். ஒண்ணும் எழுதாத கடுதாசில மடிச்சிக் குடுத்தது யாரு? புலிக்குக் கொண்டுபோறியான்னு பொழுதுக்கும் வெயில்ல நிக்க வச்சிட்டான். அதுல இருந்து பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே வீசிடுறாரு. இன்னொரு காய்ச்சல அந்த ஒடம்பு தாங்குமா?"

சிங்களம் எழுதத் தெரிந்தவள் நான். ஒரு பொட்டலத்திலாவது ஒரு வரி எழுதியதில்லை.

புதிதாகத் தொண்டுக்கு வருகிற தங்கைகளே, ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதற்கு முன், அந்த மாத்திரை எந்த வழியாகப் போகிறது என்று விசாரியுங்கள்.

மறுநாள் அதே பெரட்டில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுபடி மருந்தைத் தொடங்கினோம். நான்காம் நாள் அவருக்கு அறுப்புக்குப் போக வேண்டும். பொட்டலத்தின் மேல் அவர் பெயர், மருந்து, போட வேண்டிய நாட்கள் எல்லாம் சிங்களத்தில் எழுதி, ஆஸ்பத்திரி முத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துண்டப் பாத்தா விட்டுடுவானா? நீயே வந்து காட்டு பாப்போம்."

விடுவார்களா என்று எனக்கும் தெரியாது. நானும் கூட ஏறிய பஸ் நாலந்தாவைத் தாண்டிவிட்டது; செக்பொயின்ட் இனிமேல்தான். பின் சீட்டில் அண்ணன் இருமுகிறார். பொட்டலம் என் மடியில் இருக்கிறது.