எனக்குத் துடக்கில்லை

என் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. நாலு நாள் வலி. மருத்துவிச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். கணவரின் தாய், என் மாமி, கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் பாடை கட்டுவதற்கு முந்திய காரியம் என்றுதான் வலிகாமத்தில் எங்கள் ஊர் அப்போது நம்பிக்கொண்டிருந்தது. கடைசியில் பிள்ளை வெளியே வந்தது. ஆண்பிள்ளை என்றார்கள். எனக்குக் காட்டவில்லை.

காய்ச்சல் விட்டுக் கண் திறந்தபோது பாய் நனைந்திருந்தது. துடைத்துவிட்டுப் படுத்தேன், மறுபடியும் நனைந்தது. எழுந்து நின்றால் காலோடு வழிந்தது. மூத்திரம். இருந்தாலும் கிடந்தாலும் நடந்தாலும் என்னைக் கேளாமல் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த நோயைப் ‘பெண்களின் வருத்தம்’ என்று மூடி எழுத எனக்கு மனமில்லை. மூடி மூடித்தான் எங்கள் பெண்கள் செத்தார்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது தீட்டு, கழிப்பார்கள். வீடு மெழுகி, ஐயர் வந்து தீர்த்தம் தெளிக்க, முழுகிவிட்டு அவள் அடுப்படிக்குத் திரும்புவாள். எனக்கும் அந்த நாள் வந்தது. ஐயர் வரவில்லை.

“உவளுக்கு இன்னும் கழியேல்லை. நாத்தம் போகட்டும், பாப்பம்” என்றாள் மாமி.

புகையிலை போடும் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் இருந்தது. என் பாயை அங்கே போட்டார்கள். கிணறு பங்குக் கிணறு. நாலு வீட்டுக்குச் சொந்தம். நான் அதைத் தொடக்கூடாது என்று நாலு வீடும் ஒரே மனதாகச் சொன்னது. எந்தக் காலத்திலும் வேறெதிலும் அவர்கள் ஒத்துப்போனதை நான் காணவில்லை. யாராவது தண்ணீர் அள்ளி எட்ட நின்று என் பானையில் ஊற்றுவார்கள். என் கணவர் கெட்டவரல்ல. பொழுதுபட்டதும் கொட்டில் வாசலில் நின்று “சாப்பிட்டனீரோ?” என்று கேட்பார். ஓம் என்பேன். போய்விடுவார். அவருடைய துணிச்சல் அவ்வளவுதான்.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணை ஒருவர்தான், சுருட்டுக் கொட்டிலில் வேலை, கலியாணம் கட்டாதவர். அவருக்கு ஆள் அனுப்பினேன். மாட்டுவண்டியோடு வந்தார். கொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாயைச் சுருட்டினார்.

“வீட்டை போவம் பிள்ளை.”

“வீட்டுக்கில்லை அண்ணை. தர்மாஸ்பத்திரிக்கு.”

“சனம் என்ன கதைக்கும்?”

“இப்ப என்ன கதைக்குதாம்?”

அவர் மாட்டைத் தட்டினார். வண்டி பட்டினத்துப் பக்கம் திரும்பியது.

தர்மாஸ்பத்திரியில் பெண்கள் காத்திருக்கும் இடத்தில் இருப்பதற்கு நீள வாங்குப் பலகை ஒன்று கிடந்தது. நான் போய் இருந்ததும் பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் எழும்பினாள். கொஞ்ச நேரத்தில் வாங்கு முழுக்க எனக்கே ஆனது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் வந்து என்னை உரசினாற்போல இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை. குருநகரில் மீன் விற்பவள்.

“எத்தினை நாளாய்?” என்று கேட்டாள்.

“என்னது?”

“உதுதான். எனக்கு ஒன்பது வருசம்.”

அப்படி இன்னொருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்பது வருடம் எப்படி ஊருக்குள் நடமாடினாள் என்று கேட்டேன். சிரித்தாள்.

“தலையிலை மீன் கூடை இருந்தால், மணக்கிறது மீனோ நானோ எண்டு ஆருக்குத் தெரியும்?”

எங்கள் சாதி ஆட்கள் அவளைப் போன்றவளை வளவுக்குள் விட்டாலும் வாசற்படி ஏற விடமாட்டார்கள். நான் அவளை அன்றே அக்கா என்றேன். அண்ணை கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

டாக்குத்தர் எங்கள் பக்கத்து ஆள்தான். என்னைச் சோதித்துவிட்டு அண்ணையைக் கூப்பிட்டு அவரிடம் சொல்லத் தொடங்கினார். “எனக்குச் சொல்லுங்கோ. வருத்தம் எனக்கு” என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நனையும் என்றேன். “நனையட்டும், இரும்” என்றார்.

பிள்ளையின் தலை நாட்கணக்காக ஒரே இடத்தில் அழுத்தியதில் மூத்திரப்பையின் சதை செத்து ஓட்டை விழுந்திருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். வெட்டித் தைக்கலாம், ஆனால் அது எல்லோருக்கும் கைவராத வேலை; தனக்கும் வராது. கொழும்பில் பெண்களுக்கென்று உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைச் செய்கிற ஒருவர் இருக்கிறார். காசு வாங்காமல் தர்ம வாட்டில் வைத்தே செய்வார். “ஆனால் போனாலும் சரிவரும் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன்.”

“போகாட்டில் சரிவராது எண்டு நான் சத்தியம் பண்ணுறன், ஐயா” என்றேன்.

அவர் அந்த ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்கும் எழுதுவித்தோம்.

நானும் அக்காவும் கொழும்பு ரயிலில், பகல் கோச்சியில் போனோம். அண்ணை கூட வந்தார். சீலைத் துணிகளை அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருந்தோம். வெயில் ஏற ஏற அவை எந்த மூலைக்குக் காணும்? ஆனையிறவு தாண்டியதும் எதிரே இருந்த ஒரு சால்வைக்காரர் மூக்கைச் சுளித்தார். பிறகு சத்தமாகவே, “உந்தச் சனங்களை ஆர் இஞ்சை ஏத்தினது? இறக்கிவிடச் சொல்லவேணும்” என்றார். அண்ணை தலையைக் குனிந்தார். அக்கா எழும்பி நின்றாள்.

“ஓம் ஐயா, மணக்குதுதான். பிள்ளை பெத்த இடத்திலை காயம். ஆஸ்பத்திரிக்குப் போறம். நாங்களும் டிக்கற் எடுத்துத்தான் ஏறினம். மூக்கு உங்கடை, உங்கடை கையாலை பொத்திக்கொண்டிருங்கோ.”

சால்வைக்காரர் அடுத்த தரிப்பில் வேறு பெட்டிக்கு மாறினார். எங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

கொழும்பு வாட்டில் எனக்குப் பாஷை தெரியாது. தாதிகளான மிஸிமார் சிங்களத்தில் பேசினார்கள், நான் தமிழில் பேசினேன், கைச்சாடை இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்றது. வெட்டித் தைக்கிற சத்திரவைத்தியர் மெலிந்த உயரமான மனிதர். வந்த முதல் நாள் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு இருந்தார். மூக்கைப் பொத்தவில்லை. எனக்கு அந்தக் காலத்தில் அது ஒன்றே போதும், அவர் தைக்காமல் விட்டிருந்தாலும்.

அக்காவுக்கு முதலில் செய்தார்கள், எனக்குப் பிறகு. ரப்பர்க் குழாய் வைத்து, அசையாமல் மல்லாந்து கிடக்கச் சொன்னார்கள். மூத்திரம் குழாயால் போத்தலுக்குள் சொட்டியது. மாதக்கணக்குக்குப் பிறகு எனக்குக் கீழே துணி காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த துணியை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

குழாய் எடுத்த அன்று அக்கா எழும்பி நடந்தாள். சொட்டு விழவில்லை. ஒன்பது வருடம் பழகிய காயம் ஆறிவிட்டது. அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மாதாவே மாதாவே என்று அழுதாள்.

எனக்குக் குழாய் எடுத்த அன்றே நனைந்தது.

வைத்தியர் பரிசோதித்துவிட்டு, ஒரு மிஸியைக் கொண்டு தமிழில் சொல்லுவித்தார். பெரும்பகுதி பிடித்திருக்கிறது, ஒரு ஓரம் விட்டுவிட்டது. புண் ஆறினபிறகுதான் மறுபடி கை வைக்கலாம். ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து வரட்டும்.

“போகமாட்டன்” என்றேன். “இப்பிடியே திரும்பிப் போனால் அவையள் சொன்னது சரியெண்டு ஆகும். பேந்து என்னை ஆரும் கோச்சி ஏத்தமாட்டினம்.”

அண்ணை வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. “ஆரோடை இருப்பாய்?” என்றார். நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னாள், “என்னோடை.” கொழும்பிலேயே கொச்சிக்கடைப் பக்கம் அவளுடைய ஒன்றுவிட்ட தமையன் குடும்பம் இருந்தது. அவள் சுகமாகிவிட்டாள், ஊருக்குப் போகலாம். அங்கே அவளுடைய பிள்ளைகள்கூட இருந்தார்கள். எனக்காக நின்றாள். அந்த மாதங்களில் அவள் பானையில் வடித்த சோறுதான் என் சோறு, அவள் பானையில் வைத்த மீன்குழம்புதான் என் குழம்பு. பிறந்ததிலிருந்து மீன் மச்சம் தொடாத நான் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் முறை செய்து, குழாய் எடுத்து, வைத்தியர் ஒரு பரீட்சை வைத்தார். மூத்திரப்பைக்குள் நீல மருந்து ஏற்றி, கீழே வெள்ளைப் பஞ்சு வைத்து, நடந்துவிட்டு வா என்றார். வாட்டின் நீளத்துக்கு நடந்தேன். அக்கா செபமாலையை உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். பஞ்சை எடுத்து வைத்தியர் என் முகத்துக்கு நேரே பிடித்தார். வைத்தபடியே வெள்ளையாக இருந்தது. நான் அழவில்லை. சிரித்தேன் என்று அக்கா பிறகு சொன்னாள், வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படியாக.

இனிப் பிள்ளை உண்டானால் வீட்டில் பெறவே கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நான் அண்ணை வீட்டுக்குத் திரும்பிய செய்தி ஊருக்குள் போனதும் என் கணவர் வந்தார். முற்றத்தில் நின்றார். இதற்கிடையில் அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்த்ததும், அவர் மாட்டேன் என்று சொன்னதும் எனக்குத் தெரியும்.

“அம்மா ஐயருக்குச் சொல்லிப்போட்டா” என்றார். “வெள்ளிக்கிழமை துடக்குக் கழிச்சிட்டு வீட்டுக்குள்ளை வரலாமாம்.”

“எனக்குத் துடக்கில்லை” என்றேன். “எனக்கு இருந்தது ஓட்டை. அதை அரசாங்க டாக்குத்தர் தைச்சுப்போட்டார். தீர்த்தம் தெளிச்சுத்தான் நான் சுத்தமாக வேணுமெண்டால் நான் வரேல்லை.”

“அம்மா ஒத்துக்கொள்ளமாட்டா.”

“நீங்கள்?”

அவர் முன்வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் நான் அண்ணை வீட்டிலேயே இருந்தேன். என் கணவர் இடைக்கிடை வந்து முற்றத்தில் நின்றார், போனார். கடைசியாக வந்தபோது உள்ளே வந்து இருந்தார். தன் பங்குக் காணியில் தனியாக ஒரு மண்வீடு எழுப்பியிருப்பதாகவும், அடுப்பு நான் மூட்டவேண்டும் என்றும் சொன்னார். ஐயரைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. அக்கா வந்தால் உள்ளே இருந்து எங்கள் பாத்திரத்தில்தான் சாப்பிடுவாள் என்றேன். “வரட்டும்” என்றார்.

புது வீட்டுக்குப் போன அன்றே குடத்தோடு பங்குக் கிணற்றடிக்குப் போனேன். நாலு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். துலாவை இழுத்து அள்ளினேன். அடுத்த நாள் மாமியும் அதே கிணற்றில்தான் அள்ளினாள். வேறு கிணறு எங்கே இருக்கிறது?

அதற்குப் பிறகு எனக்கு இருந்த அதே வருத்தத்தோடு சில பெண்கள் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஆளரவம் இல்லாத நேரம் பார்த்து, பின்வேலியின் சின்னத் திறப்பான பொட்டுக்குள்ளால் குனிந்து வருவார்கள். ஒருத்தி, இருபதுகூட ஆகாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். விடியற்காலை பட்டினத்துக்குப் போவோம், துணிகளை எடுத்துக்கொண்டு வா என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி பொட்டுப் பக்கம் திரும்பினாள்.

“உதாலை இல்லைப் பிள்ளை,” என்றேன், “முன்படலையாலை போ.”