இஸ்மே கிட்டன்ஸும் நடுவர் நாற்காலியும்

"அந்த உசந்த நாற்காலியில என் பாவாடை படாது. பட்டுச்சுன்னா இந்தத் தீவே கடல்ல முங்கிருச்சுன்னு எழுதிக்கோங்க."

1924இல் முதல் கோப்பையை வாங்கிய கையோடு, பிரிட்ஜ்டவுன் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் இஸ்மே கிட்டன்ஸ் விடுத்த அறிவிப்பு இது. அன்றிலிருந்து நாங்கள் கடல்மேல் ஒரு கண் வைத்தே வாழ்ந்தோம்.

எங்கள் டென்னிஸ் கிளப்பில் தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். அழுத முகத்தோடு மேலே ஏறி, அடுத்தவர்களின் புள்ளிகளைக் கூவ வேண்டும். மனிதகுலம் கண்டுபிடித்த தண்டனைகளில் இவ்வளவு நாகரிகமானது வேறில்லை. பன்னிரண்டு வருடம் இஸ்மே தோற்கவில்லை. அதனால் ஏறவும் இல்லை.

செயலாளர் பில்கிரிம் சும்மா இருக்கவில்லை. காலுறை இல்லாமல் பெண்கள் ஆடக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். இஸ்மே காலுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு ஆடி ஜெயித்தாள். எங்கே மாட்டுவது என்று அறிவிப்பில் இல்லை.

1936இல் வெர்னீஸ் இயர்வுட் வந்தாள். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். "இந்த வருசம் இஸ்மே அக்காவ நாற்காலியில ஏத்திக் காட்டுறேன்" என்று ரொட்டிக்கடை வரிசையில் சொல்லிவைத்தாள்.

"ஏணி புடிக்க ஆள் பாத்து வச்சுக்கடி" என்றாள் பின்னால் நின்ற இஸ்மே. அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

அரையிறுதி நாளில் முதல் ஆட்டத்தை இஸ்மே வென்றாள். அடுத்தது வெர்னீஸுக்கும் பில்கிரிமின் அண்ணன் மகள் யூடோராவுக்கும். நடுவராக வேண்டிய, இஸ்மேயிடம் தோற்ற இன்னிஸ் அம்மாளுக்குத் திடீரென்று தலைவலி. அதற்கு முன் தோற்றிருந்த அத்தனை பேருக்கும் அது தொற்றிக்கொண்டது. இஸ்திரிக்காரிக்குப் புள்ளி கூவ ஒருவரும் மிஞ்சவில்லை.

பில்கிரிம் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள நடுவர் வரலன்னா ஆட்டம் ரத்து. போன வருசம் இறுதி வரைக்கும் வந்த யூடோராவே இந்த வருசமும் போவா. விதி அப்படி."

"நான் விளையாடத்தானே சார் வந்தேன்" என்றாள் வெர்னீஸ்.

"விதிக்குக் காது கிடையாதும்மா."

எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்த இஸ்மே எழுந்தாள். "நான் உக்காரட்டா?"

"போட்டியில இருக்கறவங்க உக்காரக்கூடாது மிஸ் கிட்டன்ஸ். வெளிய போனவங்கதான்."

"பென்சில் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சார்."

சுவரில் தொங்கிய ஆட்டப் பட்டியலில், இறுதி ஆட்டத்துக்கு நேரே இருந்த தன் பெயரை அவளே அடித்தாள்.

"இனி நீங்க தோத்தவங்க கணக்குதான். கோப்பையும் போச்சு" என்றார் பில்கிரிம், குரலில் மிகுந்த வருத்தம் வரவழைத்துக்கொண்டு.

"தெரியும்."

வெர்னீஸ் வழியை மறித்தாள். "வேணாங்க்கா. உங்ககூட ஆடித்தான் நான் ஜெயிக்கணும்."

"முதல்ல அவள ஜெயி. தள்ளு, நேரமாவுது."

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. இஸ்மே பாவாடையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏணியில் ஏறினாள். உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமி, "ஆடலாம்" என்றாள்.

பின்வரிசைக்கு அது கேட்கவில்லை.