அக்கா திருத்திய படகுக் கணக்கு

அக்கா கர்த்தருடைய சமுகத்துக்குச் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அவருடன் வேலை செய்தவர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியாக இந்த நினைவு மலரில் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது நம் குடும்பத்திலேயே பலருக்குத் தெரியாது. கப்பல் கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம்.

அவர் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அப்பா தோல் பதனிடும் ஆலையில் மேஸ்திரி. அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். அக்கா கல்லூரியில் சேர்ந்த வருடமே அப்பாவின் ஆலை மூடப்பட்டது. தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே, வேலூருக்குப் பஸ்ஸில் போய்வந்து கணிதப் பட்டம் வாங்கினார். பி.எட். முடித்து இங்கேயே ஆசிரியை ஆகட்டும் என்பது அப்பாவின் விருப்பம். அக்காவோ சென்னையில் கப்பல் வடிவமைப்பு படிக்க விண்ணப்பித்துவிட்டு, இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னார். அப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

கப்பல் போகும்போது தண்ணீரில் அலை எழுகிறது. எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு அந்த அலையை எழுப்புவதிலேயே போய்விடும். கப்பலைக் கட்டுவதற்கு முன்பே அந்தப் பங்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. கப்பலின் அடிப்பாகத்தையும் சுற்றியுள்ள நீர்ப்பரப்பையும் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எப்படி விலகி ஓடும் என்று கணக்கிடுவார்கள். அதற்கான புரோகிராமை அவரே எழுதினார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருக்கும் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

இனி எழுதப்போவது அக்காவே எழுதச் சொன்னது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "மலர் போட்டா அந்தப் படகு விஷயத்த வுட்டுடாத. நல்லது மட்டும் எழுதினா அது நான் இல்ல" என்றார்.

தெற்கே ஒரு தீவுக்குப் போகும் பயணிகள் படகுக்கு அக்கா கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அதை நம்பி எஞ்சினை முடிவு செய்து, இரும்புத் தகடு வெட்டவும் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சமயத்தில், அக்கா கணக்குப் போட்டிருந்த வேறொரு வேகப் படகின் சிறு மாதிரியைச் சோதனைக்கான தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்த்தபோது, அலையால் வரும் தடை அக்கா சொன்னதைவிட மிக அதிகமாக வந்தது. காரணத்தைத் தேடியவர் தன் தவறைக் கண்டுபிடித்தார். வேகமெடுக்கும்போது படகின் பின்பகுதி தாழும். அவருடைய புரோகிராம், நிற்கும்போது இருக்கும் அதே மட்டத்திலேயே படகு ஓடுவதாக எடுத்துக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும் கப்பல்களுக்கு அதனால் பெரிய வித்தியாசமில்லை. தீவுப் படகு வேகமாகப் போக வேண்டியது; முடிவு செய்திருந்த எஞ்சின் அதற்குப் போதாமல் போகலாம்.

எஞ்சினில் கொஞ்சம் கூடுதல் சக்தி வைத்திருப்பார்கள், விட்டுவிடுங்கள் என்றார் மேலதிகாரி. அக்கா மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார். நான்காம் நாள், தவறு தன்னுடையது, வேலையை நிறுத்துங்கள் என்று படகு கட்டுபவர்களுக்குத் தானே கடிதம் எழுதினார். அங்கிருந்த மேனேஜர் போனில் கத்தித் தீர்த்தார். பின்பகுதியை மாற்றி வரைந்ததில் படகு பல மாதம் தாமதமானது. அக்காவைப் பழைய வரைபடங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு வருடம் இருந்தார்.

அப்போது போனில் நான், "நீ வாய மூடினு இருந்திருக்கலாமேக்கா" என்றேன்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தா, அந்தப் படகு ஓடற வரைக்கும் நான் பொய் சொல்லினே இருக்கற மாதிரிடா" என்றார்.

கடிதம் போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். தெரியாது, ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்றார்.

அந்த இரண்டு வருடமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து புரோகிராமைத் திருத்தி எழுதினார். படகு எவ்வளவு தாழ்கிறது என்பதையும் அதுவே கண்டுபிடிக்கும்படி செய்தார். தொட்டியில் பார்த்த முடிவுகளோடு அது ஒத்துவந்த பிறகு, அவரைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பிய மூன்றாம் வருடம் சிறுநீரக நோய் வந்தது. ஓராண்டு டயாலிசிஸ் செய்தோம். ஒரு ஞாயிறு காலை, ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரத்தில் அமைதியாகப் போய்விட்டார்.

வாரம் மூன்று முறை அவருக்கு ஊசி குத்திய நர்ஸ் தங்கைகளுக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகருக்கும், ஆட்டோவில் கூட்டிப்போய் வாசலில் காத்திருந்த மேல்விஷாரம் பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெரியவர் என்னிடம் வந்து, அந்தத் தீவுப் படகைக் கட்டிய மேனேஜர் தான்தான் என்றார். பேப்பரில் பார்த்துவிட்டு விடிய விடியப் பஸ்ஸில் வந்திருந்தார்.

"அன்னைக்கு போன்ல ரொம்பப் பேசிட்டேன் தம்பி. கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கணும்னே இருந்தேன். வருசம் ஓடிப்போச்சு" என்றார்.

அவரை வீட்டுக்கு அழைத்துவந்து சாப்பிட வைத்து அனுப்பினோம். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று சொன்னதற்கு நானும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி