டேப்பக்காவின் முன்பல்

தைக்கக் கொடுக்க வருபவர்கள் தாங்களாக அளவு சொன்னால் டேப்பக்கா நம்ப மாட்டாள். "இடுப்பு முப்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டே வருபவளை ஏற இறங்கப் பார்த்து, "எந்த வருஷத்து முப்பத்திரண்டு?" என்று கேட்பாள். பிறகு கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி அளந்து, முப்பத்தாறு என்று நோட்டில் எழுதுவாள். வீட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். ஒரு கட்டத்தில் அந்தப் பூட்டுக்கே தன்மேல் சந்தேகம் வந்திருக்கும்.

இப்பேர்ப்பட்டவள் முப்பது வருஷமாக ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அது அவளுடைய மேல்வரிசை முன்பல். தைத்து முடித்ததும் அவள் கை கத்திரியைத் தேடாது. தலை தானாகக் குனியும், நூல் பல்லுக்குள் போகும், 'டக்'. ஒரு நாளைக்கு நூறு 'டக்' இருக்கும். பல்லின் நுனியில் ஊசி நுழைகிற அளவுக்குப் பள்ளமே விழுந்துவிட்டது. அதையும் ஏதோ மெடல் மாதிரி எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடப் பை ஒன்றின் வாரைத் தைத்துவிட்டு, தடித்த நைலான் நூலைக் கடித்தாள். சத்தம் வேறு மாதிரி வந்தது. நூல் அப்படியே இருந்தது. பல்தான் வேரோடு பிளந்திருந்தது.

அதைப் பிடுங்கிய நாளிலிருந்து டேப்பக்காவின் இடது கை வாயைவிட்டு நகரவில்லை. பேசினால் கை, கொட்டாவி விட்டால் கை. முன்பெல்லாம் அவள் சிரித்தால் எதிரே சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "என்னவாம்?" என்று கேட்பார். அந்தச் சிரிப்பு நின்றுபோனது. இதில் அதிகம் நஷ்டப்பட்டவர் அவள் புருஷன். வேன் ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது கடையில் இஸ்திரி போட்டு, பொத்தான் தைத்துக் கொடுக்கும் அவரை ஊரே டிரைவர் என்றுதான் கூப்பிடும். அவளைச் சிரிக்க வைப்பதுதான் அவருடைய உண்மையான வேலை. அதுவரை சொல்லாத ஜோக்கெல்லாம் பதினான்கு மாதமாகச் சொல்லிப் பார்த்தார். உள்ளங்கைக்குப் பின்னாலிருந்து மூக்கால் ஒரு காற்று வரும். அவ்வளவுதான்.

கடைசியில் பல் டாக்டரிடம் போனார்கள். சின்ன வயசுப் பெண் டாக்டர்.

"ஸ்கேன் எதுக்கு டாக்டர்? வாயைத் திறந்தாத் தெரியாதா?"

"எலும்பு தெரியாதேம்மா."

"தெரியாத எலும்புலயா ஸ்குரூ போடப்போறீங்க?"

"அதுக்குத்தான் ஸ்கேன் எடுக்கச் சொல்றேன்."

பதிலில் ஓட்டையே இல்லை. அதனால் டேப்பக்காவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

ஸ்கேன் வந்ததும் டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். டைட்டானியம் ஸ்குரூ ஒன்றை எலும்புக்குள் முடுக்குவார்கள். எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்ள நான்கு மாதம் ஆகும். அதற்குப் பிறகுதான் மேலே நிஜமான பல். அதுவரைக்கும் பக்கத்துப் பற்களோடு ஒட்டி ஒரு தற்காலிகப் பல் இருக்கும்.

"அது பார்வைக்குத்தாம்மா. கடிக்க இல்ல. நூலைக் கடிக்கவே கூடாது. உங்களுக்கு எலும்பு மெல்லிசு. ஸ்குரூ ஆடிடுச்சுன்னா எடுத்துடணும். மறுபடி போட அங்க எலும்பு மிஞ்சாது."

டேப்பக்காவின் இடது கை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வாயைப் பொத்திக்கொண்டது. சாகிற வரைக்கும் ஒற்றைக் கையால் தைக்க முடியுமா? "கடிக்க மாட்டேன்" என்றாள்.

சிகிச்சைக்கு முந்திய ஏற்பாடுகளை மகள் பார்த்துக்கொண்டாள். மருந்துக்கடையில் வேலை செய்பவள். சர்க்கரை டெஸ்ட், வழக்கமான பிரஷர் மாத்திரை, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போடவேண்டிய மாத்திரை, வாய் கொப்பளிக்கிற மருந்து என்று வரிசையாக எடுத்து வைத்தாள். டேப்பக்கா ஒவ்வொரு அட்டையிலும் தேதியைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வேறு மருந்துக்கடைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள்.

"ஏம்மா, நான் வேலை பார்க்கிறதே மருந்துக்கடைலதானே!"

"அதனாலதான்டி வேற கடைக்குப் போனேன்."

சிகிச்சை அன்றைக்கு நாற்காலியில் சாய்ந்ததும் ஸ்குரூவின் பெட்டியைக் காட்டச் சொன்னாள். பிரிக்காத பெட்டிதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. டேப்பை எடுத்து, உறைக்கு வெளியே வைத்தே அளந்தாள். "சரியாத்தான் இருக்கு" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக.

ஊசி போட்டதும் உதடு யாருடையதோ மாதிரி ஆனது. முகத்தில் பச்சைத் துணி போர்த்தினார்கள். அதன் ஓரத்தைச் சரியாக மடித்துத் தைக்கவில்லை என்பதைத் துணிக்கடியிலிருந்தே கவனித்தாள். துளைக்கிற சத்தம், மெஷினை மெதுவாக மிதிக்கும்போது வருகிற சத்தம்தான். வலி இல்லை, அழுத்தம் மட்டும் இருந்தது. ஆனாலும் டிரைவரின் விரல் இரண்டு அவள் பிடியில் சிக்கி, அரை மணி நேரம் ரத்த ஓட்டமில்லாமல் கிடந்தது. கடைசியில் மூன்று தையல். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தவள், "இடைவெளி ஒண்ணுபோல இருக்கு" என்றாள். அந்த டாக்டருக்கு அவள் கொடுத்த முதல் நற்சான்றிதழ் அது.

இரண்டு நாள் மேலுதடு வீங்கிக் கிடந்தது. துண்டில் சுற்றிய ஐஸ்கட்டி, ஆறிய சூப், மசித்த உருளைக்கிழங்கு, தலைக்கு இரண்டு தலையணை. வேகமாகத் துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் தாளில் இருந்தபடியே செய்தாள். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். மூன்றாவது வாரம் கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

வந்த மூன்றாம் நாளே டிரைவர் ஆரம்பித்தார். "ஏம்மா, நூலைக் கடிக்கிறியே."

"யாரு, நானா? கத்திரியாலதான் வெட்டினேன்."

மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். "உங்க கண்ணாடி பழசாயிடுச்சுங்க, போய் மாத்திட்டு வாங்க" என்றாள். அவரும் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டையும் அவள் நம்பவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்குத்தான் அது வந்தது. வாயெல்லாம் ஒரே கசப்பு. சாதாரணக் கசப்பு இல்லை, காது மடல் வரை இழுக்கிற கசப்பு. முன்பல் பக்கத்திலிருந்துதான் வந்தது. டேப்பக்கா அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதியும் மணியும் போட்டு 'கசப்பு' என்று எழுதினாள். மாலையில் மறுபடி வந்தது. மறுநாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வீட்டில் இருந்தால் வரவில்லை, கடைக்கு வந்தால் வந்தது.

அப்படியென்றால் கடையில் ஏதோ நடக்கிறது. முதல் சந்தேகம் தண்ணீர்மேல். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தாள். இரண்டாவது சந்தேகம் டீ. பிளாஸ்கிலிருந்து ஊற்றுபவர் டிரைவர். கொஞ்ச நாளாக அவர் நடவடிக்கையும் சரியில்லை. மெஷினைச் சுற்றி நான்கு கத்திரி முளைத்திருந்தது. மகளோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார், இவள் உள்ளே வந்தால் இரண்டு பேரும் மழை வருமா என்று பேசுவார்கள். அவர் திரும்பிய நேரம் பார்த்து டேப்பக்கா டம்ளரை மாற்றி வைத்தாள். அவர் சப்புக்கொட்டிக் குடித்தார். ஒரு மணி நேரம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தைத்தாள். மனுஷன் மயங்கி விழவில்லை. இவளுக்குத்தான் கசந்தது.

மிச்சமிருந்தது ஒரே குற்றவாளி. பத்தாம் நாள் காலையில் டிரைவரை இழுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போய், நோட்டை மேஜையில் போட்டாள்.

"ஒன்பது நாள்ல பதினேழு தடவை டாக்டர். தேதியோட இருக்கு. உங்க ஸ்குரூ உள்ள துருப்பிடிக்குது."

"டைட்டானியம் துருப்பிடிக்காதும்மா. வாயைத் திறங்க."

திறந்தாள். டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். பேசுகிற டாக்டரைவிடப் பேசாத டாக்டர் பயங்கரம். விளக்கைக் கிட்டே இழுத்து, சின்ன இடுக்கியால் எதையோ எடுத்து வெள்ளைப் பஞ்சில் வைத்தார். நீலமாக, எறும்புக்கால் அளவில் ஒரு நூல்.

"தற்காலிகப் பல்லோட நுனி உடைஞ்சிருக்கு. பள்ளம் விழுந்திருக்கு. இது அந்தப் பள்ளத்துல இருந்தது."

அந்த வாரம் முழுக்கத் தைத்தது பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை. டேப்பக்காவுக்கு நூலின் நம்பர்கூடத் தெரிந்தது. டிரைவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"ம்?"

"மேலே என்ன இருக்கு?"

"ஃபேனு."

"கீழ பாருங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் மாதிரி ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நகம் கடிக்கிற பிள்ளைகளின் விரலில் தடவுகிற கசப்பு மருந்து. மகள் வாங்கிக் கொடுத்தது. "ரீல் ரீலாத் தடவினேன். மூணு நாள் வாயால சொன்னேன், என் கண்ணுலதான் கோளாறுன்னுட்ட. உன் நாக்கையாவது நீ நம்புவேன்னு பார்த்தேன். நீ அதை விட்டுட்டு ஸ்குரூவைப் பிடிச்சுக்கிட்ட."

"சண்டை அப்புறம்" என்றார் டாக்டர். "முதல்ல ஸ்குரூ ஆடியிருக்கான்னு பார்க்கணும்."

எக்ஸ்ரே எடுத்து, படம் வருகிற வரைக்கும் டேப்பக்கா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வரி. பதினேழும் அவள் கையெழுத்து, அவளே அவள்மேல் எழுதிய புகார். ஒன்பது நாளில் பதினேழு. பழைய கணக்குப்படி, ஞாயிறு போக எண்ணூறு ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு கசப்பும் அரை நாளைக்குத் தலையைக் குனியவிடாமல் வைத்திருக்கிறது. கசப்பு வருவதற்கு முந்தைய நாட்களில் எத்தனை 'டக்'? அது எந்த நோட்டிலும் இல்லை. எலும்பு மெல்லிசு என்று டாக்டர் சொன்னது காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இடது கை வாய்க்குப் போனது. வலது கை டிரைவரின் அதே இரண்டு விரலைத் தேடிப் பிடித்தது.

டாக்டர் படத்தைப் பார்த்தார். தற்காலிகப் பல்லைக் கழற்றி, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியின் காம்பால் உள்ளே ஸ்குரூவை மெல்லத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"பிடிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கு. ஆனா இன்னும் ஒரு மாசம் கடிச்சிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

டேப்பக்கா மூச்சு விட்டாள். பிறகு டிரைவரைப் பார்த்து, "டீயில நீங்கதான் எதையோ கலக்குறீங்கன்னு நினைச்சு டம்ளரை மாத்தி வெச்சேன்" என்றாள்.

"தெரியுமே. நீ எதுக்கு மாத்துறேன்னு புரியாம, எனக்கு என்னத்தைக் கலந்தியோன்னு பயந்துகிட்டேதான் குடிச்சேன்."

"சப்புக்கொட்டினீங்களே!"

"கடைசி டீயா இருந்தா நல்லாருக்கட்டும்னுதான்."

முதலில் மூக்கால் காற்று வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. வலது கையில் டிரைவரின் விரல், இடது கை நாற்காலியின் பிடியில். வாயைப் பொத்த ஒரு கையும் மிச்சமில்லை. முன்னால் பல்லும் இல்லை. வரவேற்பறையில் இருந்த பெண் கதவைத் திறந்து, "என்னாச்சு டாக்டர்?" என்று எட்டிப் பார்த்தாள்.

புதுத் தற்காலிகப் பல்லோடு கடைக்கு வந்ததும் டேப்பக்கா ரீல் பெட்டியைத் திறந்தாள்.

"எல்லாத்துலயும் தடவினீங்களா?"

"வெள்ளையைத் தவிர. சட்டைல தெரிஞ்சா உடனே கண்டுபிடிச்சிடுவியே."

வெள்ளை ரீலை அவள் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்தாள். பிறகு பாட்டிலைக் கையை நீட்டி வாங்கி, பிரஷை வழித்து, வெள்ளை நூலைச் சுற்றிலும் தானே மெல்லிசாகத் தடவிக் காயவைத்தாள். மூடியை இறுக்கி, ஒரு முறை திருகிப் பார்த்து, அவரிடம் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாத இடத்துல வைங்க."

அவர் உள்ளே போய்விட்டு வந்தார். அவள் பாவாடையின் ஓரத்தைத் தைத்து முடித்தாள். தலை பாதி குனிந்து, நடுவழியில் நின்றது. கை துழாவி நான்கில் ஒரு கத்திரியை எடுத்தது.

"எங்க வெச்சேன்னு கேட்கலையே?" என்றார் டிரைவர்.

"கேட்க மாட்டேன்" என்றாள். அன்றைக்கு முழுக்க அவள் போய்ப் பார்க்கவும் இல்லை.